நத்தார் சந்தையில் ஒரு பொன்னாடை

ஒலிவாங்கியைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. அதை வியாதி என்று என் அக்கா சொல்வாள். கலை என்று நான் சொல்வேன். பாரிஸில் எங்கள் ஆட்களின் கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, கோயில் திருவிழா எது நடந்தாலும், மேடை ஓரத்தில் நின்று "மதிப்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய..." என்று தொடங்கும் குரல் அநேகமாக என்னுடையதாகத்தான் இருக்கும். கிழமை நாட்களில் ரூ காய் தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வெண்டிக்காய்ப் பெட்டி இறக்குகிறவன், சனி ஞாயிறு வந்தால் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு அறிவிப்பாளனாகிவிடுவேன். (வெண்டிக்காய்க்கும் ஒருமுறை அறிவிப்புச் செய்து பார்த்தேன். முதலாளி நிப்பாட்டச் சொல்லிவிட்டார்.)

இந்தத் தொழிலில் பெரிய தலையிடி, வந்திருப்பவர்களில் ஆர் பெரிய மனிதர் என்று கண்டுபிடிப்பது. வாய் விட்டுக் கேட்க முடியாது. கேட்டால், "என்னையே தெரியாத நீயெல்லாம் அறிவிப்பாளனோ?" என்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விடுவார்கள். பார்த்தே பிடிக்க வேண்டும். அதற்கு நான் சொந்தமாக ஒரு விதி வைத்திருந்தேன். ஒலிவாங்கி எவர் கையில் கனநேரம் இருக்கிறதோ, எவரைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்களோ, எவருக்கு இன்னொருவர் குடை பிடிக்கிறாரோ, அவர்தான் பிரதம விருந்தினர். போடு அவருக்குப் பொன்னாடையை! எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாசப்பலில் இந்த விதி என்னை ஒருநாளும் கைவிடவில்லை. ஆகவே பிரான்ஸ் முழுவதற்கும் இதுதான் விதி என்று நினைத்துவிட்டேன்.

என் அக்கா வதனியின் கணவர் சிவநேசன் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடி விழுந்தது அவருக்குத்தான். லாசப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல்காரராக இருபது வருசத்துக்கு மேலாக நிற்கிறார். அந்தக் கடையின் மட்டன் ரோல்ஸுக்காகச் தூரத்துச் சார்செலில் இருந்தெல்லாம் சனம் வரும். ரோல்ஸ் அத்தானுடையது, புகழ் முதலாளியுடையது. அத்தான் ஆசைகளை வாய் திறந்து சொல்கிற மனிதர் இல்லை. ஒரே ஒருமுறைதான், பொண்டியில் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "வருசத்திலை ஒரு மாசமெண்டாலும் பரவாயில்லை மச்சான், எனக்கெண்டு ஒரு சின்னக் கடை இருந்தாக் காணும்."

அந்த ஒரு மாதத்தைக் கொண்டுவந்தவர் மடம் சொலாஞ். இளைப்பாறிய ஆசிரியை. பாரிஸுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கடையில் சாப்பிடுவார். ஒருநாள் ரோல்ஸைக் கையில் பிடித்தபடி நேரே குசினிக்குள்ளேயே போய், "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்டிருக்கிறார். அவருடைய சிறு நகரத்தில் கிறிஸ்மஸுக்காக மார்கழி மாதம் முழுவதும் நத்தார் சந்தை நடக்கும். தேவாலயத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் மரக் குடில்களை வரிசையாக அடித்து, மெழுகுதிரி, கம்பளிக் காலுறை, சூடான வைன் என்று விற்பார்கள். அந்தச் சந்தைக் குழுவில் மடம் சொலாஞ் ஓர் ஆள். அந்த வருசம் ஒரு குடில் வெறுமையாக இருந்தது, அத்தானுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார். (ஊரின் பெயரை எழுத மாட்டேன். அங்கே என் முகத்தை மறக்காத ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.)

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. சத்தம், புகை, வாகனம் நிறுத்த இடமில்லை என்று ஊரில் சிலர் முறைப்பாடு செய்திருந்தார்கள். ஊர்ச்சனம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, சந்தை இனிமேல் தேவையா இல்லையா என்று நகரசபை முடிவெடுக்கப் போகிறது. வேண்டும் என்றால் குடில் ஒவ்வொரு வருசமும் அத்தானுக்கு. வேண்டாம் என்றால், அத்தான் திரும்பவும் முதலாளியின் குசினிக்கு.

"மேயர் வருவார் எல்லோ?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை பின்னேரம் வருவினமாம் எண்டு மடம் சொன்னவ," என்றார் அத்தான்.

"அப்ப பொன்னாடை போடவேணும்."

அத்தான் சாப்பிடுவதை நிறுத்தினார். "அது எங்கடை ஆக்களுக்குப் போடுறது மச்சான். அவங்களுக்கு உது என்னெண்டு விளங்கும்?"

"விளங்காட்டித்தான் அத்தான் போடவேணும். அந்தாள் வாழ்நாளிலை மறக்கமாட்டுது." (இது ஒன்றுதான் நான் சொல்லி அப்படியே பலித்தது.)

"டேய், நீ வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி ஊத்து. உன்னட்டை அவ்வளவுதான் கேக்கிறம்," என்றாள் அக்கா. நான் கேட்கவில்லை. அடுத்த நாளே ரூ காய் புடைவைக் கடையில் கத்தரிப்பூ நிறத்தில், தங்கச் சரிகைக் கரையோடு ஒரு பொன்னாடை எடுத்துவிட்டேன். கடைக்காரப் பெண் "ஆருக்கு அண்ணை?" என்று கேட்டாள். "ஒரு மேயருக்கு" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நிமிர்ந்தே வெளியே வந்தேன்.

சனிக்கிழமை விடியவே என் பலசரக்குக் கடை முதலாளியின் வானை இரவல் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். அப்படி ஒரு குளிர். தூறல் வேறு. எங்கள் குடிலுக்கு வலப்பக்கம் பத்ரிக் என்ற தாடிக்காரர், பாற்கட்டியை உருக்கி உருளைக்கிழங்குக்கு மேலே வழித்து ஊற்றி விற்பவர். இடப்பக்கம் காலுறைக்காரி. அக்கா ரோல்ஸ் சுருட்ட, அத்தான் பொரிக்க, நான் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினேன். மணம் சதுக்கம் முழுக்கப் பரவியதும் ஆட்கள் மெல்ல மெல்ல வந்தார்கள். அத்தான் ஒவ்வொருவரும் கடிக்கும்போது அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குசினிக்குள் நின்றவருக்குத் தன் ரோல்ஸைத் தின்னும் முகத்தைப் பார்க்கும் பாக்கியம் அதுவரை கிடைத்ததில்லை. அதைப் பார்க்க எனக்கே சந்தோசமாக இருந்தது.

மடம் சொலாஞ் வந்து, "பத்திரிகைக்காரர் வருகிறார். மேயரும் வருவார். ஊர்மக்கள் நல்லபடி நாலு வார்த்தை சொன்னால் போதும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர்மக்களின் கருத்து! இதைவிட எனக்கு என்ன வேலை? தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். முதலில் பக்கத்துக் குடில் பத்ரிக்.

"இந்தச் சந்தை எப்படி?"

"செத்துப்போன சந்தை," என்றார். "ஒவ்வொரு வருடமும் போன வருடத்தைவிட மோசம்."

"எவ்வளவு காலமாக இங்கே குடில் போடுகிறீர்கள்?"

"சந்தை தொடங்கிய நாளிலிருந்து."

 அடுத்து, நாய்க்குட்டியோடு வந்த ஒரு வயதான சோடி. "எல்லாம் பார்த்த சாமான்தான். போன வருடம் இருந்த அதே மெழுகுதிரி," என்றார் கணவர். "அதைவிட அசிங்கமாக," என்றார் மனைவி. அப்படியென்றால் ஏன் வந்தீர்கள் என்று பணிவாகக் கேட்டேன். "நாங்கள் தினமும் வருகிறோமே!" என்று இரண்டு பேருமே ஆச்சரியப்பட்டார்கள். சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி சனம் கூடிப்போய் மூச்சு முட்டுகிறது என்றாள். அவளுடைய சிநேகிதி, சனமே இல்லை, ஊர் செத்துவிட்டது என்றாள். இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே சனத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். விளக்குகள் காணாது என்றார் ஒருவர். விளக்குகளால் நித்திரை இல்லை என்றார் இன்னொருவர். சூடான வைன் வெறும் சீனித் தண்ணீர் என்று சொன்ன மனிதர், சொல்லி முடித்துவிட்டு அடுத்த கோப்பைக்காக வரிசையில் போய் நின்றார்.

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் விழாக்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒலிவாங்கியில் எல்லோரும் புகழ்வார்கள். பிறகு சாப்பாட்டு மேசையில் காதோடு காதாக உப்பில்லை, இறைச்சி வேகவில்லை, பொம்பிளையின் சீலை வடிவில்லை என்று சொல்வார்கள். எது எங்கே சொல்வது என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். இங்கே இந்தச் சனம் முகத்துக்கு நேரே, அதுவும் முன்பின் தெரியாத தேத்தண்ணிக்காரனிடம், சிரித்துக்கொண்டே திட்டுகிறது. மேடையில் பேசுகிறார்களா, மேசையில் பேசுகிறார்களா என்று ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பி வந்து, "அத்தான், அலுவல் முடிஞ்சுது. ஊர் முழுக்க எதிர்," என்றேன்.

அத்தானின் முகம் வாடிப்போனது. எண்ணெய்த் தாச்சியில் பொரிந்துகொண்டிருந்த ரோல்ஸைப் பார்த்தார், வெளியே நின்ற வரிசையைப் பார்த்தார். "அப்பிடியெண்டால் ஏன் மச்சான் ஒருத்தரும் வீட்டை போகாம நிக்கிறாங்கள்?" என்று கேட்டார்.

அருமையான கேள்வி. நான் அதைக் கொஞ்சம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. நான் யோசித்ததோ, இனிச் சந்தையைக் காப்பாற்ற மேயர் ஒருவரால்தான் முடியும், மேயரை வளைக்க என் பொன்னாடையால்தான் முடியும் என்று.

அந்த நேரம் பார்த்து, சில்லுப் பூட்டிய சந்தைப் பை ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு குள்ளமான பெண் வந்தார். நனைந்த மழைக்கோட்டு, காதை மூடிய கம்பளித் தொப்பி. ஒரு ரோல் வாங்கித் தின்றார். உறைப்பில் கண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டு இன்னொன்று வாங்கினார். பிறகு என்னிடம், "எங்கள் சந்தை உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"உண்மையைச் சொல்லட்டுமா மடம்?" என்று தொடங்கிவிட்டேன். மெழுகுதிரி அசிங்கம், வைன் சீனித் தண்ணீர், விளக்குக் காணாது, கூடிப்போச்சு, சனம் இல்லை, சனம் தாங்கவில்லை, மொத்தத்தில் செத்த சந்தை என்று, காலையில் சேகரித்த அத்தனையையும் அறிவிப்பாளன் குரலில் ஒப்புவித்தேன். கடைசியில் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததால், "கவலைப்படாதீர்கள். மேயர் வந்ததும் நான் பார்த்துக்கொள்கிறேன்," என்று ஆறுதலும் சொன்னேன்.

"மேயரிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்?"

"அது இரகசியம் மடம். கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், மேயர் வருகிற வழி."

அவர் சிரித்தபடி, பையை இழுத்துக்கொண்டு காலுறைக்காரியின் குடிலோரம் போய் ஒதுங்கி நின்றார். நல்ல பணிவான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் தேவாலயப் படிக்கட்டில் ஒலிபெருக்கி கரகரத்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீளமான கறுப்புக் கோட்டு, வெள்ளை மீசை, நெடிய உருவம். கையில் ஒலிவாங்கி. சுற்றிவரக் கொஞ்சப் பேர். பின்னால் ஒருவர் பவ்வியமாகக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். முன்னால் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் முழங்காலில் இருந்து படம் எடுக்கிறார். என் விதி எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது. மேயர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

பொன்னாடைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "தம்பி, பொறு! ஆரெண்டு கேட்டுப்போட்டுப் போ!" என்று அக்கா கத்தியது காதில் விழுந்தது. எங்கள் தொழிலில் கேட்கக் கூடாது என்பதை அக்கா எப்படி அறிவாள்?

நீங்கள் கேட்கலாம்: அந்த மனிதர் பேசியது பிரெஞ்சில்தானே, உனக்குப் பிரெஞ்சு தெரியும்தானே, என்ன பேசுகிறார் என்று கேட்டிருக்கலாமே? கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் மேடைகளில் அடுத்துப் பேசப்போகிறவன், இப்போது பேசுகிறவரைக் கேட்பது வழக்கமில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, மனதுக்குள் தன் பேச்சைத்தான் ஒத்திகை பார்ப்பான். நானும் படிக்கட்டின் கீழே நின்று, தலையை நன்றாக ஆட்டியபடி அதையே செய்தேன். அவர் மூச்சு வாங்க நிறுத்திய கணத்தில் பாய்ந்து ஏறி, பொன்னாடையை விரித்து, அவர் தோளில் போர்த்திவிட்டேன்.

மனிதர் வெலவெலத்துப் போனார். குடைக்காரர் ஓர் அடி பின்வாங்கினார். மழைத்தூறலில் தங்கச் சரிகை மினுங்கியது. அவர் தன் தோளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே, அவர் கையில் இருந்த ஒலிவாங்கியை நான் வாங்கிக்கொண்டேன். (பறித்தேன் என்று அக்கா சொல்வாள்.)

"மதிப்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய இந்த ஊர்ப் பெருமக்களே!" என்று பிரெஞ்சில் முழங்கினேன். "நான் பாரிஸிலிருந்து வந்திருக்கிறேன். பிரான்ஸ் வாழ் தமிழ் மக்கள் சார்பில் சொல்கிறேன். இந்தப் பெரியவர் இப்போது சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நாங்கள் மனதார ஆதரிக்கிறோம்! இப்படி ஒரு தலைவர் கிடைக்க இந்த ஊர் கொடுத்துவைத்திருக்க வேண்டும்!" (பிரான்ஸ் வாழ் தமிழ் மக்கள் என்னை எப்போது தெரிவுசெய்தார்கள் என்று கேட்கக் கூடாது.)

 பத்ரிக்கின் கரண்டி அந்தரத்தில் நின்று, பாற்கட்டி வழிந்து கீழே ஒழுகியது. ஆனால் பெரியவரைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டலை நான் எந்தக் கல்யாண மண்டபத்திலும் வாங்கியதில்லை. அதோடு எனக்கு ஏறிவிட்டது.

"அடுத்து, இந்த நிகழ்வைச் சிறப்பிக்க எங்கள் சிவநேசன் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!"

பாவம் அத்தான். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு தட்டில் ரோல்ஸோடு படியேறி வந்தார். தட்டை என்னிடம் தந்துவிட்டு, பெரியவரை இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார். நான் தட்டை நீட்ட, பெரியவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ரோலை எடுத்துக்கொண்டார். "குரூப் போட்டோ!" என்று கத்தி எல்லோரையும் நெருங்கி நிற்க வைத்தேன். பின்னால் நின்றவர்கள் ஏதோ ஒரு துணியைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தார்கள். பளிச் என்று வெளிச்சம் அடித்தது.

அதற்குப் பிறகுதான் திரும்பி அந்தத் துணியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். "நத்தார் சந்தையை ஒழி! எங்கள் சதுக்கத்தை எங்களிடம் திருப்பிக் கொடு!"

விசா கொடுக்கும் பிரெஃபெக்சரில் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்த பிரெஞ்சு என்னுடையது. அந்த ஒரு நிமிடம் மட்டும் அது பிழையாக இருக்கக் கூடாதா என்று கடவுளை வேண்டினேன்.

"என்ன மச்சான் எழுதியிருக்கு?" என்று அத்தான் சிரித்த முகத்தோடு கேட்டார்.

"வாழ்த்துத்தான் அத்தான்."

"அப்பிடியெண்டால் ஏன் அந்தச் சீஸ்காரன் கரண்டியோடை வாறான்?"

பத்ரிக் வந்தே விட்டார். "எங்கள் சந்தையைக் குறை சொல்ல நீ யார்?" என்று அவர் கத்தியது ஒலிவாங்கி இல்லாமலே ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.

"நீங்கள்தானே மெஸ்யூ காலையில் செத்துப்போன சந்தை என்று..."

"நான் சொல்லலாம்! வருடம் வருடமாக இந்தக் குளிரில் நிற்கிறவன் நான்! நீ இன்றைக்குக் காலையில் வந்தவன்!"

நாய்க்குட்டிச் சோடியும் பின்னாலேயே வந்தார்கள். "எங்கள் மெழுகுதிரிக்கு என்ன குறை?" என்று அந்தப் பெண் என் நெஞ்சில் விரலால் குத்தினார். அதைவிட அசிங்கமாக என்று சொன்ன அதே வாய். எனக்கு மூளை நின்றேவிட்டது. படிக்கட்டிலேயே இருந்துவிடலாமா என்று நினைத்தபோது மடம் சொலாஞ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் சில்லுப் பையோடு அந்தக் குள்ளமான பெண்.

"மெஸ்யூ ரஞ்சன்," என்றார் மடம் சொலாஞ். "இவர்தான் எங்கள் மேயர்."

மேயர் பெரியவரின் தோளில் கிடந்த பொன்னாடையைப் பார்த்தார், கையில் இருந்த ரோலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இரகசியம் இதுதானா?" என்று கேட்டார்.

அத்தான் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ குடிலுக்குத் திரும்பிப் போய் அடுப்பை அணைத்தார். மிச்ச ரோல்ஸை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். ஒருவரும் வாங்க வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்த மனிதர் வாழ்க்கையில் கேட்ட ஒரே ஒரு பொருளை நான் சரிகைத் துணியில் சுற்றி எதிராளிக்குக் கொடுத்துவிட்டேன்.  திரும்பி வரும்போது வானுக்குள் அக்கா இடைக்கிடை "பொன்னாடை!" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டாள்.

ஞாயிறு காலை மடம் சொலாஞ்சிடமிருந்து அழைப்பு. உள்ளூர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் படம் வந்திருக்கிறதாம். பெரியவர் பொன்னாடையோடும் ரோலோடும், நான் வாய் பிளந்தபடி, அத்தான் கும்பிட்டபடி, தலைக்கு மேலே "சந்தையை ஒழி". தலைப்பு: "எங்கள் சந்தை வேண்டாமாம்: சொல்கிறார் பாரிஸ்காரர்". உடனே வாருங்கள், ரோல்ஸ் கூடுதலாகக் கொண்டுவாருங்கள் என்றார்.

"கூடுதலாவோ? எறியிறதுக்கோ?" என்று கேட்டாள் அக்கா.

போனோம். சதுக்கத்தில் கால் வைக்க இடமில்லை. வருசக்கணக்காகச் சந்தைப் பக்கமே தலை காட்டாதவர்களெல்லாம் வந்திருந்தார்கள். எவனோ ஒரு பாரிஸ்காரன் வந்து எங்கள் சந்தையைக் குறை சொல்வதா என்று ஊரே கொதித்து எழுந்து, அந்தக் கொதிப்பில் மெழுகுதிரி வாங்கிக்கொண்டிருந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் என்னைப் பாரிஸ்காரன் என்று சொன்னதில்லை. எந்த நாடு, எந்த நாடு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டம் முதன்முதலாகக் கிடைத்தது திட்டாகத்தான்.

நான் வானுக்குள் ஒளிந்திருக்கப் பார்த்தேன். அக்கா விடவில்லை. "வந்து முன்னுக்கு நில்லடா! உன்னைப் பாக்கத்தான் சனம் வருது!" உண்மைதான். அந்த விசரன் எது என்று பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், தங்களுக்குள் முணுமுணுத்தார்கள், வந்ததற்கு ஒரு ரோலும் வாங்கினார்கள். அத்தானுக்குத் தாச்சியை விட்டு நிமிர நேரமில்லை.

பின்னேரம் அந்தப் பெரியவரே வந்தார். பெயர் மெஸ்யூ லூசியன், காணி உறுதி எழுதி இளைப்பாறிய நொத்தாரிசு, அவருடைய யன்னல் நேரே சதுக்கத்தைப் பார்த்துத் திறக்கிறதாம். கறுப்புக் கோட்டுக்கு மேலே கத்தரிப்பூ நிறப் பொன்னாடை. திருப்பித் தர வந்திருக்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"இல்லை, தர மாட்டேன்," என்றார். "இந்த ஊரில் எத்தனையோ வருடம் வேலை செய்தேன். ஒருவரும் என் தோளில் எதையும் போட்டதில்லை."  பிறகு பொன்னாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "சந்தை ஒழியத்தான் வேண்டும். ஆனால் இந்தக் குடில் மட்டும் இருக்கலாம். ஒரு ரோல் தாருங்கள்," என்றார்.

நகரசபை கூடியபோது ஊர்ச்சனத்தின் கருத்து என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சந்தை தொடரும் என்றார்கள். குடில் ஒவ்வொரு மார்கழியும் அத்தானுக்கு. மேயர் ஒரே ஒரு நிபந்தனை போட்டதாக மடம் சொலாஞ் சொன்னார்: தேத்தண்ணி ஊற்றுகிறவர் வரலாம், அவர் கையில் ஒலிவாங்கி கொடுக்கக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது ஒன்றும் தெரியாமல் எதையாவது புகழ்ந்தால், "பொன்னாடை எடுக்கட்டோ?" என்று கேட்பார்கள். மண்டபங்களில் நான் "மதிப்புக்கும் பெருமதிப்புக்கும்..." என்று தொடங்கினால், பின் வரிசையிலிருந்து எவனாவது, "அண்ணை, ஆளை வடிவாப் பாத்திட்டியளோ?" என்று குரல் கொடுப்பான். மெஸ்யூ லூசியன் வருசா வருசம் பொன்னாடையோடு படிக்கட்டில் ஏறிச் சந்தையை எதிர்த்துப் பேசுகிறார். பேசி முடித்ததும் நேரே எங்கள் குடிலுக்கு வருவார்.

போன மார்கழியில் உள்ளூர் வானொலியிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைத் தாண்டிப் போய், ஒலிவாங்கியை அத்தானிடம் நீட்டினாள். "இந்த வருடச் சந்தை எப்படி மெஸ்யூ?"  அத்தான் கரண்டியை வைத்துவிட்டு நிதானமாக, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார்: "மோசம். குளிர் அதிகம். வான் நிறுத்த இடமில்லை. பத்ரிக்கின் புகை முழுக்க என் குடிலுக்குள். ஒவ்வொரு வருடமும் போன வருடத்தைவிட மோசம்."

முடிந்தது கதை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது, பத்ரிக் தன் குடிலிலிருந்து எட்டி அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். வரிசையில் சில்லுப் பையோடு நின்ற மேயர் ஓம் ஓம் என்று தலையாட்டிச் சிரித்தார். நாய்க்குட்டிச் சோடி, "சரியாகச் சொன்னீர்கள்!" என்றார்கள்.

எனக்கு இன்றுவரை இந்தச் சனம் விளங்கவில்லை. திரும்பி வரும் வழியில் மனம் பொறுக்காமல், "ஏன் அத்தான் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "எங்கடை சந்தையை நாங்கள் குறை சொல்லாம, வேறை ஆர் மச்சான் சொல்லுறது?"

பின் சீட்டில் நித்திரை என்று நாங்கள் நினைத்திருந்த அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ரஞ்சன் சொல்லுவான். பொன்னாடையோடை."